ஒரே மண்ணில் இரண்டு புல்

செப்டம்பர் கடைசியில் அரிசோனாவின் சன் சிட்டிக்கு முதன்முறையாகப் போகிறவர்கள், அங்குள்ள கோல்ஃப் மைதானங்களுக்கு ஏதோ கேடு வந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். போன வாரம்வரை அடர்பச்சையாக இருந்த புல்வெளியை இயந்திரங்கள் தரையோடு தரையாக மழித்துக்கொண்டிருக்கும். செங்குத்தாகச் சுழலும் கத்திகள் மண்ணைக் கீறிக்கொண்டு போக, பின்னாலேயே வரும் வண்டி உலர்ந்த சருகை உறிஞ்சி எடுக்கும். எழும் தூசிக்குப் பயந்து மைதானத்தை ஒட்டிய வீடுகளில் சன்னலைச் சாத்தி வைத்திருப்பார்கள். இரண்டு மூன்று வாரங்களுக்கு மைதானத்தில் யாருக்கும் அனுமதி இல்லை. ஆட வருபவர்களை வேறு மைதானத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஆண்டு முழுவதற்குமான வேலைத் திட்டத்தில் மிகக் கவனமாகத் தேதி குறிக்கப்படும் வேலை இதுதான். இருக்கிற புல்லைக் கொல்லாமல், அதன் தலைக்கு மேலேயே வேறொரு புல்லை விதைக்கப் போகிறார்கள்.

ஏன் இந்தப் பாடு என்று புரிய, அந்த ஊரைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். ஃபீனிக்ஸ் நகருக்கு வடமேற்கே, பருத்தி விளைந்துகொண்டிருந்த நிலத்தில், டெல் வெப் என்ற கட்டுமானத் தொழிலதிபர் 1960 ஜனவரி 1 அன்று சன் சிட்டியைத் திறந்தார். ஐந்து மாதிரி வீடுகள், ஒரு கடைத்தொகுதி, ஒரு பொழுதுபோக்கு மையம், ஒரு கோல்ஃப் மைதானம், அவ்வளவுதான் அப்போது அங்கே இருந்தது. முதல் மூன்று நாளில் ஒரு லட்சம் பேர் பார்க்க வந்தார்கள். பணி ஓய்வு பெற்றவர்கள் பிள்ளைகள் வீட்டு அறையில் முடங்கிக் கிடக்க வேண்டியதில்லை, தங்கள் வயதுக்காரர்களோடு ஓடியாடி வாழலாம் என்ற எண்ணத்தை அந்த ஊர் விற்றது. 1962-இல் டைம் இதழ் டெல் வெப்பை அட்டையில் போட்டது. இன்று சுமார் 40,000 பேர் அங்கே இருக்கிறார்கள். அருகிலேயே சன் சிட்டி வெஸ்ட் எழுந்தது. அதே அச்சில் அமெரிக்காவின் வெயில் மாநிலங்கள் எங்கும் குடியிருப்புகள் வந்தன. இவற்றில் பெரும்பாலானவற்றில் கோல்ஃப் மைதானம் வீட்டின் பின்முற்றத்திலேயே தொடங்குகிறது. ஆகவே புல்லின் நிறம் ஆடுபவர்களின் கவலை மட்டுமல்ல. பின்கதவைத் திறந்தால் பச்சை தெரியும் என்று நம்பி வீடு வாங்கிய அத்தனை பேருடைய கவலையும் அது. முன்முற்றத்தில் சரளைக்கல்லைக் கொட்டி அதற்குப் பச்சை வண்ணம் அடித்த வீடுகளும் சன் சிட்டியில் உண்டு. பச்சை மேல் அந்த ஊருக்கு அவ்வளவு ஆசை.

ஆனால் அது பாலைவனம். ஃபீனிக்ஸில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை சராசரியாக 20 சென்டிமீட்டரைத் தொடுவதில்லை. சென்னையில் பெய்வதில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. ஜூலையில் பகல் வெப்பம் சராசரியாகவே 41 டிகிரி செல்சியஸைத் தாண்டும். 2023 கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் 43.3 டிகிரியோ அதற்கு மேலோ கொளுத்தியது. அதே ஊரில் டிசம்பர் இரவுகளில் வெப்பம் 7 டிகிரிக்கு இறங்கிவிடும். புறநகர்ப் பள்ளங்களில் உறைபனியும் விழும். இந்த இரண்டு முனையையும் பச்சையாகவே இருந்து கடக்கக்கூடிய ஒரே புல் எதுவும் கிடையாது. கோடையைத் தாங்குகிற புல் குளிரில் உறங்கும். குளிரில் தழைக்கிற புல் ஜூன் வெயிலில் கருகும்.

ஊருக்கு வருமானம் தரும் பருவமோ குளிர்காலம். மினசோட்டாவிலும் கனடாவிலும் பனி கொட்டத் தொடங்கியதும் ஆயிரக்கணக்கானோர் தெற்கே வந்துவிடுவார்கள். ஜனவரி முதல் ஏப்ரல்வரை மைதானங்களில் இடம் கிடைப்பது அரிது. அந்த மண்ணின் புல் உறங்க வேண்டிய மாதங்களில்தான் மனிதர்களுக்குப் பச்சை தேவைப்படுகிறது. அங்கே நடக்கும் பராமரிப்பு வேலையில் பெரும்பகுதி இந்த ஒரு முரண்பாட்டிலிருந்து பிறப்பது.

முதலில் அந்த மண்ணின் நிரந்தரக் குடியைப் பார்ப்போம். அமெரிக்கர்கள் அதைப் பெர்முடா புல் என்பார்கள். தாவரவியலில் சைனோடன் டாக்டிலான். நாம் பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல்தான் அது. வயல் வரப்பில் எத்தனை முறை கொத்தி எறிந்தாலும் மறுபடி தலைகாட்டும் அந்தப் பிடிவாதமே கோல்ஃப் மைதானத்தில் அதன் பெரிய தகுதி. மண்ணின் மேலே ஓடும் தண்டு, மண்ணுக்குள் ஓடும் தண்டு என்று இரண்டு வழிகளில் அது பரவுகிறது. கோல்ஃப் மட்டை ஒரு துண்டைப் பெயர்த்துக்கொண்டு போனாலும் சுற்றியிருக்கும் கணுக்கள் துளிர்த்து அந்தக் குழியை மூடிவிடும்.

வெயிலை அது விரும்புவதற்குக் காரணம் இலைக்குள் இருக்கிறது. எல்லாப் பச்சைத் தாவரங்களும் காற்றிலிருக்கும் கரியமில வாயுவை ரூபிஸ்கோ என்ற நொதியைக் கொண்டு பிடிக்கின்றன. இந்த நொதிக்கு ஒரு பலவீனம்: சில நேரம் கரியமில வாயுவுக்குப் பதிலாக ஆக்சிஜனைப் பிடித்துவிடும். அப்படிப் பிடித்தால், ஏற்கனவே சேர்த்த கார்பனில் ஒரு பகுதியைத் தாவரம் இழந்துவிடுகிறது. வெப்பம் ஏற ஏற இந்தத் தவறும் கூடுகிறது. நெல், கோதுமை, குளிர்நாட்டுப் புற்கள் எல்லாம் இந்த நஷ்டத்தைச் சுமந்தபடிதான் வாழ்கின்றன. அருகம்புல், கரும்பு, சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவை வேறு வழி கண்டுபிடித்தவை. அவற்றின் இலையில் வெளிச்செல்கள் முதலில் வேறொரு நொதியால் கரியமில வாயுவைப் பிடித்து நான்கு கார்பன் கொண்ட அமிலமாக மாற்றுகின்றன. நரம்பைச் சுற்றியுள்ள உட்செல்களுக்கு அதை அனுப்புகின்றன. அங்கே அமிலம் உடைந்து கரியமில வாயு வெளிப்படுகிறது. ரூபிஸ்கோ உட்கார்ந்திருப்பது அந்த அறையில். சுற்றிலும் கரியமில வாயு அடர்ந்திருப்பதால் அது ஆக்சிஜன் பக்கம் போக வாய்ப்புக் குறைவு. ஹவாயிலும் ஆஸ்திரேலியாவிலும் கரும்பு இலைகளை வைத்து ஆராய்ந்தவர்கள் 1960-களில் இந்த வழியை வெளிக்கொணர்ந்தார்கள். இதனால் அருகம்புல் 35 டிகிரியிலும் முழுவேகத்தில் வளர்கிறது. ஒவ்வொரு கிராம் வளர்ச்சிக்கும் குறைவான தண்ணீரையே செலவழிக்கிறது.

குளிர் வந்தால் அந்த ஏற்பாடு தடுமாறும். இரவு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி மந்தமாகிறது. மண்ணின் வெப்பம் 10 டிகிரியை நெருங்கும்போது இலையில் பச்சையம் சிதைந்து, புல் வைக்கோல் நிறத்துக்கு மாறிவிடுகிறது. பார்ப்பவர்களுக்குச் செத்துப்போன புல். ஆனால் மண்ணுக்குள் ஓடும் தண்டில் மாவுச்சத்து சேர்ந்திருக்கும், கணுவில் மொட்டு காத்திருக்கும். அந்தச் சேமிப்பில் பெரும்பகுதியைச் செப்டம்பரிலும் அக்டோபரிலும்தான் புல் சேர்த்துக்கொள்கிறது என்பதை இங்கே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மைதானங்களில் இருப்பது வரப்பில் வளர்கிற அருகின் நேர் உருவம் அல்ல. அமெரிக்க வேளாண் துறையின் பயிர்ப் பெருக்க விஞ்ஞானி கிளென் பர்ட்டன், ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் நகரில், அருகம்புல்லையும் தென் ஆப்பிரிக்காவின் மெல்லிலை அருகு வகையையும் கலந்து புதிய புற்களை உருவாக்கினார். 36 குரோமோசோம் கொண்டதும் 18 கொண்டதும் சேர்ந்ததால் பிள்ளைக்கு 27 வந்தது. ஒற்றைப்படையாக வந்த மூன்று தொகுதிகளும் சரியாக இணை சேர முடியாமல் அந்தப் புல் மலடாகிவிட்டது. விதை கிடையாது, தண்டைத் துண்டுதுண்டாக நட்டுத்தான் பெருக்க வேண்டும். மைதானக்காரர்களுக்கு அதுவே வசதி: புல்வெளி முழுக்க ஒரே செடியின் நகல், ஒரே நிறம், ஒரே உயரம். 1956-இல் டிஃப்கிரீன், 1960-இல் டிஃப்வே, 1965-இல் டிஃப்டுவார்ஃப் என்று வரிசையாக வந்தன. பர்ட்டனை நாம் வேறொரு காரணத்துக்காகவும் நினைவில் வைக்க வேண்டும். கம்புப் பயிரில் அவர் உருவாக்கிய டிஃப்ட் 23ஏ என்ற ஆண்மலட்டு வழியைத் தாயாகக் கொண்டுதான் 1965-இல் இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுக் கம்பான எச்.பி.1 வந்தது. கோல்ஃப் மைதானத்தின் வரலாற்றைத் தேடிப் போனால் இந்தியாவின் மானாவாரிக் கம்புக் கொல்லையில் வந்து நிற்கிறோம். அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த இடங்கள் இப்படிப்பட்டவை.

இனி அக்டோபர் வேலைக்கு வருவோம்.

மேலே விதைக்கப்படுவது பன்னாண்டு ரை புல். லோலியம் பெரன்னே என்று அதற்குப் பெயர். குளிர்நாட்டுப் புல், ஐரோப்பிய மேய்ச்சல் நிலத்திலிருந்து வந்தது. 15 முதல் 24 டிகிரிவரை அதற்குச் சுகமான வெப்பம். அமெரிக்காவின் ரை விதையில் மிகப் பெரும்பகுதி ஆரிகன் மாநிலத்து வில்லமெட் பள்ளத்தாக்கில் விளைகிறது. அருகைப்போல ஓடிப் படராது. விதை விழுந்த இடத்தில் தூராக நிற்கும், அவ்வளவுதான். அதனால் நெருக்கம் வேண்டுமென்றால் விதையையே கொட்டியாக வேண்டும். ஃபேர்வே எனப்படும் நீண்ட ஓடுபரப்பில் ஏக்கருக்குச் சுமார் 500 பவுண்டு, அதாவது ஹெக்டேருக்கு 560 கிலோ போடுகிறார்கள். ஒரு கிராமில் ஏறக்குறைய 500 விதை என்று கணக்கிட்டால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மூன்று விதை வரை விழுகிறது. நாற்றங்காலில் நெல் விதைப்பவர்கள் இந்த நெருக்கத்தைப் பார்த்தால் திகைப்பார்கள்.

வேலை விதைப்பு நாளுக்கு ஒரு மாதம் முன்பே ஆரம்பமாகிவிடும். முதலில் தழைச்சத்து உரத்தை நிறுத்துவார்கள், அருகு வேகமெடுக்கக் கூடாது என்பதற்காக. அடுத்து, ஜிபரலின் என்ற வளர்ச்சி ஊக்கி உண்டாவதைத் தடுக்கும் டிரைனெக்சபேக்-ஈத்தைல் மருந்தைத் தெளிப்பார்கள். புல் சாகாது, ஆனால் நீளாது. பிறகு சில நாள் தண்ணீரைக் குறைத்து மேற்பரப்பை உலர விடுவார்கள். அதற்குப் பின்தான் மழிப்பு. மழிப்பதன் நோக்கம் அழகு அல்ல, விதை மண்ணைத் தொட வேண்டும். புல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே செத்த தண்டும் வேரும் பின்னிய ஒரு மெத்தை இருக்கும். அதன்மேல் விழும் விதை முளைத்தாலும் வேர் மண்ணை எட்டுவதற்குள் காய்ந்துவிடும். செங்குத்துக் கத்திகள் அந்த மெத்தையைக் கீறி வழி திறக்கின்றன.

விதை விழுந்ததும் கனமான வலைப்பாயை இழுத்து அதை உள்ளே தள்ளுவார்கள். பிறகு தண்ணீர். ஒரே முறை நிறைய விடுவது கூடாது. நாளைக்கு நான்கு முதல் ஆறு முறை, ஒவ்வொரு முறையும் சில நிமிடம். மேலே உள்ள அரை அங்குல மண் ஈரமாகவே இருக்க வேண்டும். ஐந்தாம் நாளோ ஏழாம் நாளோ தரையோடு கண்ணை வைத்துப் பார்த்தால், பழுப்புத் தண்டுகளுக்கிடையே ஊசியைவிட மெல்லிய பச்சை முனைகள் சாய்ந்து நிற்பது தெரியும். எழுந்து நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. இன்னும் மூன்று நாளில் நின்றபடியே பார்த்தாலும் தரையில் இளம்பச்சை படர்ந்திருக்கும்.

தேதி குறிப்பதில்தான் அனுபவம் பேசும். இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கி, ஆனால் 13 டிகிரியைத் தொடாத அந்தச் சில வாரங்களே பொருத்தமானவை. அதற்கு முந்தினால் அருகு இன்னும் முழுத் தெம்போடு இருந்து நாற்றை நசுக்கிவிடும். அதைவிடக் கெட்டது பித்தியம். இது பூஞ்சைபோலத் தோன்றினாலும் பூஞ்சை இனத்தைச் சேர்ந்ததல்ல. நீரில் நீந்தும் வித்துகளைக் கொண்ட தனிவகை உயிர். வெப்பமான இரவு, எப்போதும் ஈரமான மண், நெருக்கமான இளநாற்று ஆகிய மூன்றும் சேர்ந்தால் அதற்கு வேறென்ன வேண்டும்? மாலையில் நன்றாக இருந்த நாற்று காலையில் எண்ணெய் பட்டதாகக் கறுத்துச் சாய்ந்து கிடக்கும். அதிகாலை ஈரத்தில் வெண்ணிற இழைப்படலம் தெரியும். தண்ணீர் ஓடிய திசையிலும் இயந்திரச் சக்கரம் போன வழியிலும் நோய் கோடு போட்டுப் பரவும். இதற்குப் பயந்து தேதியைத் தள்ளிப்போட்டாலோ, குளிர்ந்த மண்ணில் முளைப்பு இழுத்தடிக்கும். நாற்று மூடுவதற்குள் ஆட்டக்காரர்கள் வாசலில் நிற்பார்கள். பல மைதானங்கள் உள்ள சன் சிட்டி போன்ற ஊர்களில் இதனால்தான் முறை வைத்து ஒன்றன்பின் ஒன்றாக மூடித் திறக்கிறார்கள்.

குளிர்கால வேலைகளை விரித்துச் சொல்ல அதிகமில்லை. ரை புல்லை வெட்டுவதும் உரமிடுவதும் வழக்கமாக நடக்கும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டியது: உறைபனி விழுந்த காலைகளில் சூரியன் ஏறி பனி உருகும்வரை எவரையும் புல்லில் கால்வைக்க விடமாட்டார்கள். இலைச் செல்லுக்குள் இருக்கும் நீர் உறைந்திருக்கும்போது மிதித்தால் பனிப் படிகங்கள் செல் சவ்வைக் கிழித்துவிடும். மிதித்த உடனே எதுவும் தெரியாது. ஒன்றிரண்டு நாளில் பச்சைப் பரப்பின் மேல் செருப்புத் தடம் செருப்புத் தடமாகப் பழுப்பு ஏறி வரும். எட்டு மணிக்கு ஆட வந்தவரை ஒன்பதரைவரை காக்கவைப்பது ஏன் என்று முணுமுணுப்பவர்களுக்கு அந்தத் தடங்களைக் காட்டினால் போதும்.

உண்மையான சிக்கல் மார்ச்சில் ஆரம்பிக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் இருந்து, ஒருவர் காலி செய்தால்தான் மற்றவர் அடுப்பு மூட்ட முடியும் என்கிற நிலை அது. மண் வெப்பம் 18 டிகிரியை எட்டும்போது கீழே உறங்கிய அருகு கண்விழிக்கும். ஆனால் தலைக்கு மேல் ரை புல் அடர்ந்து நிற்கிறது. அருகம்புல் நிழலைத் தாங்காத செடி. ஒளி கிடைக்காமல், சேமித்த மாவுச்சத்தைச் செலவழித்துத் துளிர்விட்டு, அந்தத் துளிரும் ஒளி பெறாமல் போனால் மறுமுறை துளிர்க்கக் கையிருப்பு இருக்காது. ஆகவே மார்ச்சிலிருந்து ரை புல்லைத் தாழ வெட்டி, லேசாகக் கீறி, ஒளியைக் கீழே இறக்குவார்கள்.

பழைய காலத்தில் மிச்ச வேலையை மே மாத வெயில் செய்துவிடும். ரை தானாகவே காய்ந்து ஒதுங்கும். 1967-இல் நிலைமை மாறத் தொடங்கியது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ரீட் ஃபங்க், நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் பலகாலமாக மிதிபட்டும் பிழைத்திருந்த ரை செடிகளை எடுத்துவந்து, அவற்றிலிருந்து மான்ஹாட்டன் என்ற ரகத்தை உருவாக்கினார். அது மேய்ச்சல் புல் அல்ல, புல்வெளிக்கென்றே தேர்ந்த புல். அதன்பின் வந்த ரகங்கள் நோயையும் வெப்பத்தையும் இன்னும் இன்னும் தாங்கின. குளிர்நாட்டில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வரம். அரிசோனாவிலோ, போக வேண்டிய புல் போக மறுத்தது. ஜூன் கடைசிவரைக்கூடப் பச்சை குறையாமல் நிற்கிறது. பிறகு ஒரு நாள் 43 டிகிரியில் மொத்தமாகக் கருகுகிறது. கீழே பார்த்தால் அருகும் இல்லை. அதனால் இப்போது ரை புல்லை மட்டும் கொல்லும் சல்ஃபோனைல்யூரியா வகைக் களைக்கொல்லியைத் தெளித்து அனுப்பிவைக்கிறார்கள். அமினோ அமிலங்கள் சிலவற்றை உண்டாக்கும் நொதியை அது முடக்குகிறது. அருகம்புல் அந்த மருந்தைச் சிதைத்துத் தப்பித்துக்கொள்ளும். ரை புல்லால் முடியாது. விலை கொடுத்து வாங்கி, விதைத்து, நீரூற்றி, எட்டு மாதம் சீராட்டிய புல்லை மருந்தடித்துக் கொல்வது வினோதமாகத் தோன்றலாம். ஆனால் வேறு வழியில்லை.

காரணம் ஒரு கணக்கு. அருகம்புல் நலமாக இருக்க ஆண்டுக்கு ஏறத்தாழ 100 நாளாவது போட்டியில்லாமல் வளர வேண்டும் என்பது அந்த வட்டாரத்தில் புல் ஆராய்கிறவர்கள் சொல்லும் அளவு. ஜூன் முதல் தேதிக்கு ரை போய்விட்டால், செப்டம்பர் நடுவில் அடுத்த மழிப்புக்குத் தயாராகும்வரை 100 நாளுக்குச் சற்று மேல் கிடைக்கிறது. ஜூலைவரை ரை நின்றால் சுமார் 75 நாள்தான். போதாக்குறைக்கு, மாவுச்சத்து சேர்க்க வேண்டிய செப்டம்பர்–அக்டோபரில் தலையை மழித்துவிடுகிறோம். ஓராண்டு இப்படி நடந்தால் பாதகமில்லை. ஐந்தாறு ஆண்டு தொடர்ந்தால் அருகு மெலிகிறது. மெலிவதும் யார் கண்ணுக்கும் படுவதில்லை, குளிர்காலம் முழுக்க மேலே ரை பச்சையாக இருக்கிறதே! வீட்டுச் சுவரின் நிழலிலும் மரத்தடியிலும் அருகு எப்போதோ போயிருக்கும். ஜூன் மாதம் ரை விலகும்போதுதான் வெறும் மண் வெளிப்படும். குடியிருப்பவர்கள் அந்தக் கோடையில் செய்த தவறென்ன என்று கேட்பார்கள். தவறு நடந்தது பல அக்டோபர்களுக்கு முன்.

கோடை, மைதானத்தைப் பழுதுபார்க்கும் காலம். வெளியூர்க்காரர்கள் போய்விட்டார்கள், ஆட்டம் குறைவு, அருகு முழுவேகத்தில் வளர்கிறது. எந்தக் காயமும் சில வாரத்தில் ஆறிவிடும். அப்போதுதான் குழல் ஊசிகள் கொண்ட இயந்திரத்தை ஓட்டி, தரையிலிருந்து விரலளவு மண் உருளைகளை ஆயிரக்கணக்கில் பிடுங்கி எடுப்பார்கள். அந்த உருளை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் மைதானத்தின் வரலாறே தெரியும். உச்சியில் மூன்று மில்லிமீட்டருக்கு வெட்டப்பட்ட இலை. அதன் கீழே பழுப்பாக, அமுக்கினால் உள்வாங்கும் மெத்தை. மக்காத லிக்னின் நிறைந்த பழைய தண்டு. அதற்கும் கீழே வெளிர் மணல், அதில் வெள்ளை வேர்கள். ஆண்டுதோறும் தூவிய மணல், மெத்தைக்குள் மெல்லிய வரிகளாக அடுக்கடுக்காகத் தெரியும். வேர் வெளுத்து உறுதியாக இருந்தால் நல்லது. பழுப்பாகி, முகர்ந்தால் அழுகல் வாடை வந்தால் அடியில் காற்று இல்லை என்று அர்த்தம். உருளை எடுத்த துளைகளில் மணலை நிரப்புவார்கள். காற்றும் நீரும் இறங்க வழி கிடைக்கும்.

பந்து குழியில் விழும் அந்தச் சிறிய வட்டமான கிரீன் முழுக்கவே செயற்கை மண்ணால் ஆனது. அமெரிக்க கோல்ஃப் சங்கம் அதற்கான அளவுகளை வெளியிட்டதும் சன் சிட்டி திறந்த 1960-இல்தான்: மேலே 30 சென்டிமீட்டர் தேர்ந்த மணற்கலவை, அடியில் 10 சென்டிமீட்டர் சரளை, அதனடியில் வடிகால் குழாய். நுண்ணிய மணலிலிருந்து பருத்த சரளைக்கு நீர் எளிதில் இறங்காது. மணலின் நுண்துளைகள் அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மேலே நீரின் எடை ஒரு அளவைத் தாண்டியபின்தான் வடியும். ஆகவே வேர்ப்பகுதியில் தேவையான ஈரம் தங்குகிறது, மிஞ்சியது போய்விடுகிறது. எந்தக் கருவியும் இல்லாமல், மணற்துகளின் அளவை மட்டும் வைத்து ஈரத்தைக் கட்டுப்படுத்தும் இந்த அமைப்பைவிட நேர்த்தியான மண் பொறியியலை நான் அறியவில்லை.

கோடையில் பூச்சி, நோய் வேலைகளோடு மரங்களையும் கவனிக்க வேண்டும். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர்வரை அரிசோனாவுக்கும் ஒரு பருவமழைக் காலம் உண்டு. மழையைவிட அதற்கு முன் வரும் புழுதிப் புயலே ஆபத்து. அதனால் ஈச்சை, பனை வகைகளின் காய்ந்த மட்டைகளை முன்கூட்டியே இறக்கி, பாலோவெர்டே மரங்களின் அடர்கிளைகளைக் கழித்துக் காற்று ஊடுருவ விடுவார்கள்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். இந்த அத்தியாயத்தை எழுதத் தூண்டியதே அதுதான்.

ஜூன் மாத ஃபீனிக்ஸில் புல்வெளி ஒரு நாளில் ஆவியாக இழக்கும் நீர் சுமார் 7 மில்லிமீட்டர். ஒரு ஹெக்டேருக்கு 70,000 லிட்டர். பெரிய எண்தான். ஆனாலும் பாலைவனத்தில் புல் வேண்டுமென்றால் கோடையில் அருகு குடிப்பது தவிர்க்க முடியாத செலவு. குளிர்கால ரை புல் அப்படியல்ல. நவம்பர் முதல் ஏப்ரல்வரை அது ஏறக்குறைய அரை மீட்டர் உயரத் தண்ணீர் கேட்கும்; ஹெக்டேருக்கு 50 லட்சம் லிட்டர். பதினெட்டுக் குழி மைதானம் ஒன்றின் ஃபேர்வே பரப்பை 10 ஹெக்டேர் என்று வைத்தால் 5 கோடி லிட்டர். குளிர்கால மழை அதில் கொஞ்சத்தைத்தான் ஈடுகட்டும். உறங்கும் அருகுக்கோ, தண்டு முழுக்க உலர்ந்துவிடாமல் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை நனைத்தால் போதும்.

ஃபீனிக்ஸ் வட்டாரம் குடிப்பது நிலத்தடி நீரையும் ஆற்று நீரையும். கொலராடோ ஆற்றின் நீர் 540 கிலோமீட்டர் கால்வாயில் மேடேறி வருகிறது. 2021 ஆகஸ்டில், அந்த ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு வரலாற்றில் முதல் முறையாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டது; 2022-இல் அரிசோனா தன் ஆற்றுப் பங்கில் 18 சதவீதத்தை இழந்தது. முதல் அடி பருத்தியும் தீவனமும் பயிரிட்ட உழவர்கள் மேல் விழுந்தது. அங்கே வயல் தரிசாகக் கிடக்க, இங்கே உறங்க வேண்டிய புல்லின் மேல் வேறொரு புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாற்று வழி புதிதல்ல. அரிசோனாவிலும் கலிஃபோர்னியாவின் பாலைவனப் பகுதியிலும் பல மைதானங்கள் அதைக் கையாண்டு வருகின்றன. ஃபேர்வேயில் விதைப்பதை விட்டுவிட்டு அருகைப் பழுப்பாகவே உறங்க விடுகிறார்கள். ஆட்டம் தொடங்கும் மேடைகளில் மட்டும் ரை விதைக்கிறார்கள். கிரீன்களில் புல்லுக்கென்றே தயாரித்த பச்சை நிறமியைத் தெளிக்கிறார்கள். கரும்பச்சையான இலை சூரிய வெப்பத்தைச் சற்றுக் கூடுதலாக வாங்கிக்கொள்வதால் வசந்தத்தில் விழிப்பும் கொஞ்சம் முந்துகிறது. உறங்கும் அருகின் மேல் பந்து இன்னும் வேகமாக உருளும். விதைப்பு இல்லாததால் அக்டோபரில் மைதானத்தை மூட வேண்டாம், ஜூனில் களைக்கொல்லி வேண்டாம். குளிர்காலத்தில் முளைக்கும் களைகளுக்கு முன்கூட்டியே மருந்து தெளிக்கவும் முடியும். ரை விதைக்கும் இடத்தில் அந்த மருந்து விதையையே கொன்றுவிடும் என்பதால் அது முடியாத காரியம்.

நஷ்டமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. உறங்கும் புல் காயத்தை ஆற்றிக்கொள்ளாது. ஜனவரியில் மட்டை பெயர்த்த குழி ஏப்ரல்வரை குழியாகவே கிடக்கும். கோல்ஃப் வண்டிகள் பாதையைவிட்டு இறங்காமல் இருக்க வேண்டும். முழங்கால் வலியோடு ஆட வரும் எழுபது வயதுக்காரருக்கு அது எளிதல்ல. பனிக்கால விருந்தினர் தரும் கட்டணத்தில்தான் ஆண்டு முழுவதற்குமான சம்பளம் வருகிறது. அவர்கள் பச்சையைத் தேடிப் பக்கத்து மைதானத்துக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்ற நிர்வாகக் குழுக்களின் அச்சமும் நியாயமானது. இத்தனையையும் எடைபோட்ட பிறகும் என் முடிவு ஒன்றுதான்: ஃபேர்வேகளை உறங்க விட வேண்டும். மேடைகளைப் பச்சையாக வைத்துக்கொள்ளட்டும். மிதி அதிகம் படும் சிறிய இடங்கள் அவை. நீண்ட ஓடுபரப்பில் நான்கு மாதம் பழுப்பு நிறம் தெரிவது மைதானத்தின் குறை அல்ல, அந்தப் புல்லின் இயல்பு.

தமிழ்நாட்டில் அருகம்புல்லை உறங்கவைக்கும் குளிர் சமவெளியில் எங்கும் இல்லை. நம் ஊரில் அதைப் பழுப்பாக்குவது வறட்சி. ஏப்ரல், மே மாதங்களில் குடியிருப்பு வளாகத்தின் அருகம்புல் தரை வைக்கோல் நிறமானால், தண்ணீர் லாரிக்குச் சொல்வதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு கொத்தை வேரோடு பெயர்த்து, மண்ணுக்குள் ஓடும் தண்டை நகத்தால் கீறுங்கள். உள்ளே வெளுப்பாக, உறுதியாக இருந்தால் அது உயிரோடுதான் இருக்கிறது. மழை வரும்வரை அதை விட்டுவிடலாம்.